பாறையைத் தள்ளும் படம்

கல்பாக்கம்
16-6-2002

அன்புள்ள நிதினுக்கு,

இன்று முதல் உனக்கு எழுதும் கடிதங்களில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப் போகிறேன். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து எழுத மாட்டேன். அம்மாவும் அப்பாவும் உனக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லி, அவர்கள் சொல்வதில் எது உண்மை என்றே உனக்குத் தெரியாமல் போய்விட்டது. வீட்டில் ஒருத்தியாவது அப்படி இல்லாமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் சகுந்தலா அத்தையும் கோதண்டராமன் மாமாவும் நலமா? அத்தை வீட்டில் போன் இல்லை, அதனால் கடிதம். போன் இருந்தாலும் நீ பேச வந்திருக்க மாட்டாய் என்பதும் தெரியும்.

நேற்று அத்தை வீட்டுக்குக் கிளம்பியபோது நீ காரின் பின் சீட்டில் கைக்குட்டையால் மூக்கை மூடிப் படுத்துக்கொண்டே போனாய். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை தலையைத் தூக்கவில்லை என்று அப்பா வந்து சொன்னார். அம்மா அதைக் கேட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதமாக வாசல்படி தாண்டாத நீ, நேற்று நீயாகவே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாய். அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் அது முடிந்திருக்காது.

உள்ளபடி என்றால் மற்றதையும் எழுத வேண்டும். பொங்கலுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறது என்று சொன்னாய். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றால் கதவைத் தட்டினாலும் வரமாட்டாய். டியூப் லைட்டை அணைத்தால்தான் சாப்பிட உட்கார்ந்தாய். நாங்கள் நாலு பேரும் இருட்டில் சாம்பாரைத் தேடினோம். அப்பா இது திமிர் என்று கத்தினார். அம்மா, "ராஜா மாதிரி இருக்கியேடா" என்று கன்னத்தை வழித்தார். கடைசியில் கண்ணாடிகள் மேல் எல்லாம் பழைய புடவையைப் போட்டு மூடினார். நீ எவர்சில்வர் தட்டிலும் டிவி திரையிலும் பார்க்க ஆரம்பித்தாய். ஆல்பத்தில் இருந்த படங்களில் எல்லாம் காம்பஸ் முனையால் உன் முகத்தைச் சுரண்டினாய்.

பிரின்சிபல் மேடம் சொன்னதையும் மறைக்கவில்லை. வருகிற பொங்கல் விடுமுறை முடிந்து திறக்கும்போது வந்துவிட்டால் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுத விடுவார்களாம். வராவிட்டால் இந்த ஒரு வருடம் போய்விடும். உன் பெஞ்சில் ரோஹித் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே நீ பார்க்கப் போகும் புது டாக்டர் எப்படி என்று எழுது.

அன்பு அக்கா,
பிரதீபா


செங்கல்பட்டு
24-6-2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தை, மாமா நலம். டாக்டர் பெயர் சாராள். குழந்தைகளுக்கான மனநல டாக்டர். நிறைய கேட்கிறார், கொஞ்சம்தான் பேசுகிறார். காலையில் ஒரு மாத்திரை. ஆஸ்பத்திரி நடக்கும் தூரம்தான். வெயில் வருமுன் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு உதவி செய். நான் சுரண்டாத படம் ஒன்று உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். மகாபலிபுரத்தில் உருண்டைப் பாறையைத் தள்ளுகிற மாதிரி நாம் நின்று எடுத்தது. உன் அகராதிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாய். அதில் ஸ்கேல் வைத்து, மூக்கு நுனியிலிருந்து இரண்டு பக்கக் கன்னமும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுது. இங்கே எல்லோரும் என்னைப் பார்க்காமலேயே "நல்லாதான் இருக்கு" என்கிறார்கள். நீதான் பொய் சொல்ல மாட்டாய். நீயே எழுதியிருக்கிறாய்.

இதை எழுதினால் அப்புறம் கேட்கவே மாட்டேன். சத்தியம்.

நிதின்


கல்பாக்கம்
29-6-2002

அன்புள்ள நிதினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ சொன்னபடியே செய்தேன். ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் மேசையைப் போட்டு, அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஸ்கேலின் கோடுகள் தடிமனாக இருந்ததால் தையல் நூலை நீட்டிப் பிடித்து, பிறகு நூலை ஸ்கேலில் வைத்தேன். அறிவியல் செய்முறைப் பாடத்தில் சொல்லித்தந்தபடி ஒவ்வொரு பக்கமும் திரும்பத் திரும்ப அளந்தேன்.

உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். இடது பக்கம் வலது பக்கத்தைவிட ஒரு நூல் தடிமன் அளவு குறைவாக இருக்கிறது. ஆனால் நீ பாறையைத் தள்ளுவதற்காக முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருக்கிறாய் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேறு படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன். எல்லாவற்றையும்தான் நீ சுரண்டிவிட்டாயே.

என் முகத்தையும் அளந்தேன். எனக்கும் ஒரே மாதிரி இல்லை. இது உனக்கு உதவும் என்று நம்புகிறேன்.

அன்பு அக்கா,
பிரதீபா


செங்கல்பட்டு
8-7-2002

அன்பு பிரதீபாவுக்கு அத்தை எழுதுவது. இங்கே மாமா நலம், நான் நலம். அண்ணனும் அண்ணியும் சௌக்கியமா?

உன் கடிதம் வந்த அன்றைக்கு நிதின் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முகம் தெளிவாக இருந்தது. சரி, ஏதோ நல்ல சேதி என்று நினைத்தேன். மறுநாள் காலையில் எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தால், துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறான். "இடது பக்கம் இழுத்துப் பிடிச்சா நேராயிடும் அத்தை" என்கிறான். இரண்டு பக்கமும் தோல் உரிந்து ரத்தம் கட்டிவிட்டது. அந்த வாரம் டாக்டரிடமும் வரமாட்டேன் என்றுவிட்டான். அவர் தன் டூட்டி முடிந்து வீட்டுக்கே வந்தார்.

நீ அழக் கூடாது. டாக்டர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவ்வளவு கவனமா அளந்திருக்காளே" என்றுதான் சொன்னார். நம் வீட்டில் எல்லோரும் செய்ததைத்தான் நீயும் செய்தாய். நாங்கள் "நேரா இருக்கு" என்றோம், நீ "ஒரு நூல்" என்றாய். அவர் கணக்கில் இரண்டும் ஒன்று.

இந்த நோய்க்குப் பெயர் பாடி டிஸ்மார்ஃபியாவாம். பிடிவாதமும் இல்லை, அழகு மோகமும் இல்லை, இதற்கு வைத்தியம் உண்டு, பிள்ளைகளுக்கும் வருவது உண்டு என்றார். அவனுக்கு மூக்கு வலிக்கிறதைவிட, மூக்கு கோணலா என்கிற அந்தக் கேள்விதான் வலிக்கிறது. பதில் கிடைத்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு அதே கேள்வி இன்னும் பெரிதாக வந்து நிற்கும். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அதற்குச் சோறு போட்டது மாதிரிதான். அதனால் இனிமேல் நாங்களும் சரி, நீயும் சரி, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக் கூடாது. மற்ற எல்லாம் பேசலாம், எழுதலாம். எழுதுவதை நிறுத்திவிடாதே. உன் கடிதமோ என்று தபால்காரர் சைக்கிள் மணிக்கு அவன்தான் முதலில் எழுந்திருக்கிறான்.

கண்ணாடியை மூடி வைப்பதும் பதில் சொன்ன மாதிரிதானாம், அண்ணியிடம் அதன் மேல் இருக்கிற புடவையை எடுத்துவிடச் சொல்.

அத்தை,
சகுந்தலா


கல்பாக்கம்
14-7-2002

அன்புள்ள நிதினுக்கு,

நலம். உன் மூக்கில் காயம் ஆறிவிட்டதா? அத்தை எழுதியிருந்தார்.

உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன், அதனால் சொல்லிவிடுகிறேன். இனி அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். ஏன் என்று அத்தை எழுதியதை ஏழெட்டு முறை படித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. உண்மை என்பது கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வது என்று நினைத்திருந்தேன். நான் எழுதிய ஒரு வரி உன்னைக் கிளிப்போடு தூங்க வைத்தது. அது சரியான அளவுதான், ஆனால் உனக்கு அதனால் என்ன கிடைத்தது?

மற்றதை எல்லாம் எழுதுகிறேன். அம்மா நேற்று கண்ணாடிகளின் மேலிருந்த புடவையை எடுத்தார். எடுத்ததும் தன்னையே பார்த்து, "அய்யய்ய, எப்போ இவ்ளோ நரைச்சுது?" என்றார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "புடவையைத் திரும்பப் போட்டுடு" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம். அப்பா அப்புறம் தனியாக என்னிடம், "அவனைத் திமிர்னு சொன்னேனேம்மா" என்றார்.

கடல் இந்த வாரம் பழுப்பாக இருக்கிறது. பதில் எழுது.

அன்பு அக்கா,
பிரதீபா


செங்கல்பட்டு
20-7-2002

நீ எழுதவில்லை என்றால் கோணல் என்றுதான் அர்த்தம். நீயும் அவர்கள் கட்சிதான். எழுதாதே.

நிதின்


கல்பாக்கம்
15-9-2002

அன்புள்ள நிதினுக்கு,

நலம், நலமறிய ஆவல். இது நீ பதில் போடாத ஐந்தாவது கடிதமோ ஆறாவதோ. எழுதாதே என்று நீ சொன்னதை மட்டும் நான் கேட்கப் போவதில்லை. அத்தை கார்டு போட்டார். நீ வாரம் தவறாமல் டாக்டரிடம் போகிறாயாம், குடையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பிடிக்கிறாயாம். அதைப் படித்ததும் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். எதற்கு என்று தெரியவில்லை, சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்போடு மகாபலிபுரம் போனோம். வரலாறு மிஸ் பெரிய சிற்பப் பாறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறிப்பெடுக்கும் ஆசையில் ரொம்பக் கிட்டே போய்விட்டேன். முகத்துக்கு நேராக உளி பட்ட தடங்கள், ஒரு விரிசல், அதில் ஒரு எறும்பு வரிசை. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பின்னாலிருந்து திவ்யா, "ஏய், யானை கால்லயே நிக்கிறே, மறைக்குது, தள்ளு" என்று கத்தினாள். தள்ளி வந்து பார்த்தால் அவ்வளவு பெரிய யானை. குட்டிகள் காலடியில் நிற்கின்றன.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் அது உன் கேள்விக்கு வேறு வழியில் பதில் சொன்னதாகிவிடும். அதனால் யானையோடு நிறுத்துகிறேன்.

உருண்டைப் பாறைக்கும் போனோம். எல்லோரும் அதைத் தள்ளுகிற மாதிரி நின்று படம் எடுத்தார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீ இல்லாமல் அதைத் தள்ள முடியாது.

வருகிற கடிதங்களை நீ படிக்கிறாய் என்று மட்டும் ஒரு கார்டு போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அன்பு அக்கா,
பிரதீபா


செங்கல்பட்டு
27-10-2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல். எல்லாக் கடிதமும் படித்தேன். யானைக் கடிதத்தை டாக்டர் மேடத்திடம் காட்டினேன். "உங்க அக்கா எங்க படிக்கிறா?" என்று கேட்டார். இதைப் படித்துத் தலைக்கனம் வரக் கூடாது.

டாக்டர் மேடம் இதுவரைக்கும் ஒரு தடவைகூட என் மூக்கு நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. ஆரம்பத்தில் அதனால் கோபம் வந்தது. இப்போது அதனால்தான் அவரிடம் போகிறேன்.

எங்கள் வேலை என்ன தெரியுமா? நான் பயப்படுகிற ஒன்றை நானே தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்தால் என்ன நடக்கும் என்று முன்னாடியே எழுத வேண்டும். செய்துவிட்டு வந்து, நிஜமாக என்ன நடந்தது என்று எழுத வேண்டும். யாரும் என்னைத் தள்ளிவிடக் கூடாது, நானேதான் போக வேண்டும். முதலில் ரயில்வே பிளாட்பாரத்தில் கைக்குட்டை இல்லாமல் நிற்பது. "எல்லோரும் பார்ப்பார்கள், யாராவது சிரிப்பார்கள்" என்று எழுதினேன். மாமா கூட வந்தார். முதல் நாள் படி ஏறியதும் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். மாமா டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த தடவை, ஸ்டேஷனை ஒட்டி இருக்கிற ஏரிப் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றேன். அது ஏமாற்றுதானே என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன்.

போன வாரம் பிளாட்பாரத்தைப் பார்த்தே நின்றேன். அப்போது ஒரு அம்மா கொய்யாக் கூடையை என் பக்கத்தில் இறக்கினார்.

"இன்னா தம்பி, மெட்ராஸ் பீச் வண்டி வருதா, கொஞ்சம் எட்டிப் பாரு."

"இன்னும் வரல ஆயா."

"ஆயாவா? யாருக்குடா ஆயா? அக்கான்னு சொல்லு, ஒரு காய் சேத்துத் தரேன்."

மாமா சிரித்துக்கொண்டே, "நம்ம வூட்டுப் புள்ளதான், உட்ரு வேண்டாக்கா" என்றார். அந்த அம்மா பெயரே 'வேண்டா' தானாம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அப்படி வைத்துவிட்டார்களாம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேரை மாற்றிக்கொள்ளலாமே என்றேன்.

"இன்னாத்துக்கு? அவங்க வேணான்னா நான் போயிட்டனா? இந்த வண்டியில ஏறிப் பாரு, வேண்டா வந்துகினு கீதுன்னு எனக்கு எடம் போட்டு வச்சிகினு இருப்பாளுங்க."

கொய்யாவை வெட்டி மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தார். வண்டி வந்து அவர் ஏறிப் போன பிறகுதான், யார் யார் பார்த்தார்கள் என்று கவனிக்க மறந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்தது. டாக்டரிடம் சொன்னேன். "அந்த அம்மா மூக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லாதே. நேற்றுகூடத் தட்டில் பார்த்தேன்.

தாளின் அடிப்பகுதி இல்லாமல் இருப்பதைப் பார்த்து அத்தை கிழித்துவிட்டார் என்று நினைக்காதே. அங்கே அந்தக் கேள்வியை எழுதியிருந்தேன். நானே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். அதனால்தான் கையெழுத்து போட இடமில்லை, ஓரத்தில் போடுகிறேன்.

நிதின்


கல்பாக்கம்
10-11-2002

அன்புள்ள நிதினுக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்கு நீ இல்லாதது ஒரு குறைதான். அதிரசம் வழக்கம்போல உடைந்தது. பார்சலில் வருவதெல்லாம் உடையாதவை.

நீ வெட்டியனுப்பிய கடிதத்தை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்டிய ஓரம் நேராக இல்லை, நடுவில் ஒரு இடத்தில் கத்தரி நின்று திரும்பப் போயிருக்கிறது. அந்த இடத்தில் நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று யோசித்தேன். புத்தகங்களில் வீரர்களைப் பற்றிப் படிக்கும்போது அவர்கள் எல்லாம் குதிரை மேல் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வீரன் செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் கொய்யா தின்றுகொண்டு நிற்கிறான். இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. நான் அப்படி எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அம்மாவிடம் கொய்யா அம்மாவைப் பற்றி மட்டும் படித்துக் காட்ட நினைத்தேன். தட்டு விஷயத்தையும் தாளை வெட்டியதையும் சேர்த்தே படித்தேன், விட்டுவிட மனம் வரவில்லை. அம்மா அழுவார் என்று நினைத்தேன். "வெட்டிட்டான் பாரு, அவனே வெட்டிட்டான் பாரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரின்சிபல் மேடத்தைப் பார்த்தோம். பொங்கலுக்குப் பிறகு சேர்த்துக்கொள்கிறார்கள். சேரும் அன்று புது அடையாள அட்டை போட வேண்டுமாம், அதற்குப் படம் வேண்டும். முகம் முழுவதும் தெரிகிற புதுப் படம். அப்பா, "படம் இல்லாம முடியாதா மேடம்?" என்று கேட்டார். வெளியே வந்ததும், "நான் கேட்டிருக்கக் கூடாதோ?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

அன்பு அக்கா,
பிரதீபா


செங்கல்பட்டு
22-12-2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அதிரசம் கிடைத்தது. எல்லாம் உடைந்துதான் வந்தது.

படம் எடுத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிடு, கேட்டது தப்பில்லை, ஆனால் இனிமேல் எனக்காகக் கேட்க வேண்டாம். செங்கல்பட்டில் எடுக்கலாம் என்று அத்தை சொன்னார். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, அது சுலபம். அதனால் நம்ம ஊரில் எடுக்கிறேன். புதுப்பட்டினம் கடைத்தெருவில் சீனு அண்ணன் ஸ்டுடியோ.

நானும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்தது: ஸ்டுடியோக் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு படம்தான், திரும்ப எடுக்கச் சொல்லக் கூடாது. எப்படி வந்திருக்கிறது என்று யாரையும் கேட்கக் கூடாது. என்ன நடக்கும் என்று எழுதிவிட்டேன். மோசமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நீ கூட வா. ஆனால் எதுவும் சொல்லாதே.

நிதின்


கல்பாக்கம்
19-1-2003

அன்புள்ள அத்தைக்கு, பிரதீபா எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். நாலு என்று எழுதுவதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது. மாமாவும் நீங்களும் நலமா? படம் எடுக்கும் அன்று நடப்பதை ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருந்தீர்கள், நேற்றுதான் எடுத்தோம். டாக்டருக்கும் படித்துக் காட்டுங்கள்.

காலையில் நிதின் என் அகராதியை எடுத்துப் பாறைப் படத்தை வெளியே இழுத்தான். எனக்கு நூலும் பூதக்கண்ணாடியும் ஞாபகம் வந்தன. அவன் கையை நீட்டி, படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, நான் இவ்ளோ கஷ்டப்பட்டுத் தள்றேன். நீ ஓரமா நின்னு கடலை தின்னுட்டிருக்கே."

பார்த்தால் உண்மைதான். என் கையில் பொட்டலம் இருக்கிறது. அவ்வளவு அளந்தவள் அதைக் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் கிளம்பினோம். வழியில் மூன்று முறை நின்றான். மருந்துக்கடை வாசலில் திரும்பிப் போய்விடலாம் என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. அம்மா பின்னாலேயே மறைந்து வருவது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவனே நடந்தான். எதிரில் ரோஹித்தின் அம்மா வந்து, "நிதினா? வளந்துட்டியேப்பா" என்றார். அவன் கை சட்டைப் பைக்குப் போனது. கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். கையை வெளியே எடுத்து, "ஆமா ஆன்ட்டி" என்றான்.

எல்லா ஸ்டுடியோவிலும் இருப்பது போல உள்ளே நுழைந்ததும் ஆளுயரக் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. சீனு அண்ணன் பழக்கத்தில் கையைக் காட்டி, "போய் மூஞ்சிய தொடச்சிகினு, பவுடர் போட்டுகினு வா" என்றார்.

"வேணாம்ணா. அப்படியே எடுங்க."

"இன்னாபா, தலை கலைஞ்சி கீது."

"பரவால்லண்ணா."

"யக்கா, நீயாவது சொல்லு. நாளைக்கு ஸ்டுடியோ சரியில்லன்னு என்னத்தான் திட்டுவீங்க."

நான் தரையைப் பார்த்தேன். நிதின் கண்ணாடிக்கு முன்னால்தான் நடந்து போக வேண்டும், அந்த அறையில் வேறு வழி இல்லை. போனான். அதன் எதிரே வந்ததும் கால் ஒரு கணம் தயங்கியது, தலை திரும்பவில்லை. முக்காலியில் போய் உட்கார்ந்தான். சீனு அண்ணன் இரண்டு பக்கமும் இருந்த பெரிய விளக்குகளைப் போட்டார். அத்தை, அவ்வளவு வெளிச்சத்தில் அவன் முகத்தை நான் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. அது எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பளிச்சென்று மின்னியது. சீனு அண்ணன், "கண்ணு மூடிச்சோ இன்னாவோ, இன்னொண்ணு எடுத்துர்லாமா?" என்றார். நிதின் முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"போதும்ணா. ஒண்ணே போதும்."

பிறகு என் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். அந்தக் கேள்விதான் வருகிறது என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் இருக்க வேண்டுமே என்று நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டேன்.

"அக்கா, நீ ஏன் மூச்சு விடாம நிக்கிறே?"

அப்போதுதான் விட்டேன். சீனு அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னா குடும்பம்பா இது" என்றார். நிதின் சிரித்தான். வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தான். வாசலில் அம்மா எதையோ வாங்குவது போல நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சுவது உள்ளே வரை கேட்டது.

உள்ளபடி எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். ராத்திரி குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம்தான் இருந்தான். வந்து, "பார்த்தேன்" என்று அவனே சொன்னான். அம்மா, "சரிடா, வந்து சாப்பிடு" என்றார். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. சாம்பாரை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. நாளைக்குப் பள்ளி திறக்கிறது. வியாழக்கிழமை அப்பாவோடு பஸ்ஸில் டாக்டரிடம் வருகிறான், காரில் இல்லை.

ஸ்டுடியோவில் கடைசியாக நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. படம் எடுத்து முடித்தும் நிதின் உடனே எழுந்திருக்கவில்லை. அந்த வெளிச்சத்திலேயே, கையை மடியில் போட்டுக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவனைப் போலச் சும்மா உட்கார்ந்திருந்தான். சீனு அண்ணன் கேமராவை மூடினார், திரையைச் சுருட்டினார். இந்த முறை யாரும் அணைக்கச் சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்டது, அதனால் அவர் விளக்குகளை அணைத்தார்.

அன்புடன்,
பிரதீபா